உங்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை கலோரி?

அசையாமல் படுத்திருக்கும்போதும் உங்கள் உடல் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிந்து சுருங்குகிறது. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, ஓய்வுநேரச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது! இச்செலவை அடிப்படை வளர்சிதை மாற்றம் என்பர்.

இதைக் கணக்கிட 1985இல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் எளிய வாய்பாடுகளை வெளியிட்டன. 10 முதல் 18 வயதுள்ள மாணவனாயின், கிலோகிராமில் எடையை 17.5ஆல் பெருக்கி 651ஐக் கூட்டுக. மாணவியாயின் 12.2ஆல் பெருக்கி 746ஐக் கூட்டுக. 45 கிலோ எடையுள்ள மாணவனுக்கு ஏறத்தாழ 1440 கலோரி, மாணவிக்கு 1295. (உணவு நூல்களில் கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கும். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தும் வெப்பம் அது.)

1440ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 60 கலோரி, அதாவது சுமார் 70 வாட். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பறை புழுங்குவதில் வியப்பென்ன?

இனி அம்மாணவனின் ஒரு நாளைப் பார்ப்போம். உறக்கத்தில் மணிக்கு ஒரு பங்கு. உட்கார்ந்து படிக்கையில் ஒன்றரை. நடை, வீட்டுவேலை ஆகியவற்றில் மூன்று. கால்பந்தாட்டத்தில் ஏறத்தாழ ஏழு. 8 மணி உறக்கம், 11 மணி உட்காருதல், 4 மணி நடையும் வேலையும், 1 மணி ஆட்டம் என்றால் 8 + 16.5 + 12 + 7 = 43.5 பங்கு. 60ஆல் பெருக்கினால் 2610 கலோரி. ஆட்டத்தை விட்டு அந்நேரமும் உட்கார்ந்திருந்தால் 330 குறையும். 100 கிராம் அரிசி தருவதைவிடச் சற்றே குறைவான அளவு இது.

இது மதிப்பீடே. வாய்பாட்டுக்கு அடிப்படையான அளவீடுகள் பெரும்பாலும் மேலைநாட்டாரிடம் எடுக்கப்பட்டவை. இந்தியப் பெரியவர்களுக்கு 5 சதவீதம் குறைத்துக் கணக்கிடுமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. ஆகவே உண்மையான நடுவர் எடை பார்க்கும் இயந்திரமே. பெரியவர் ஒருவரின் எடை மாதக்கணக்கில் மாறாதிருந்தால் அவருடைய வரவும் செலவும் சமம்.

உங்களுக்கு அவ்விதி பொருந்தாது. நீங்கள் வளர்கிறீர்கள், எடை கூடத்தான் வேண்டும். வளர்ச்சிக்கெனத் தனியே ஆகும் செலவோ மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 25 கலோரிதான். ஆனால் மெலிவதற்காகக் காலை உணவை விட்டு, மொத்த வரவும் பல மாதம் குறைந்துவிட்டால், உடல் வெட்டுகின்ற செலவுகளுள் வளர்ச்சியும் ஒன்று. மாதம் ஒருமுறை, ஒரே இயந்திரத்தில், காலையில் எடையையும் கூடவே உயரத்தையும் குறித்து வாருங்கள். ஆறு மாதமாகியும் இரண்டும் நகரவில்லையெனில் அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.