கூரையைத் தூக்கியது எது?

கேள்வி: 2021 மே மாதப் புயல் குஜராத்துக்குத்தானே போனது? எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஏன் பறந்தது? (வாசகர், தாராவி)

பதில்: அந்த டவ்தே புயல் கரை கடந்தது குஜராத்தின் ஊனா பக்கம், மே 17 இரவு. ஆனால் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலச் சுழல். ஓரம் உரசியதற்கே மும்பை கொலாபாவில் மணிக்கு 114 கி.மீ. காற்று.

இந்தச் சுழல் உருவாவது எப்படி? கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் நீராவி மேலேறி மேகமாகும். அப்போது வெளிப்படும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி. கீழே அழுத்தம் குறைய, சுற்றியுள்ள காற்று ஓடிவரும். பூமியின் சுழற்சி அதைச் சுழற்றிவிடும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் நம் பக்கம் புயல் அபூர்வம். பருவமழைக் காலத்தில் மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என வீசும் காற்று சுழலைக் கலைத்துவிடும். (மழை விடாது, அது வேறு கதை!)

இப்போது கூரை. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஷீட்டின் மேல் விரையும் காற்று அதை உறிஞ்சும்; கதவிடுக்கில் புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். தார்ப்பாய் மேல் வைக்கும் கல்லும் பழைய டயரும் சாதாரண மழைக்காற்றுக்குச் சரி. புயலுக்குக் கொக்கி போல்ட் போட்டு ஷீட்டைச் சட்டத்தோடு முடுக்குங்கள்; முக்கியமாக ஓரங்களை. முதலில் கிளம்புவது ஓரம்தான்.