இலைச்சாறு புற்றுநோயைக் கொல்கிறதா?

துரியான் பெலண்டா இலை புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்கிறது என்ற தகவல் உங்கள் வாட்சாப்புக்கும் வந்திருக்கும். அது பொய்யன்று. ஆனால், கொல்லப்பட்டது எங்கே, எவ்வளவு சாற்றால் என்று கேட்டீர்களா?

ஆய்வுக்கூடத்தில் இலையை உலர்த்திப் பொடித்து, பெரும்பாலும் மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊற வைப்பார்கள். வடிகட்டிக் கரைப்பானை ஆவியாக்கினால் பிசுபிசுப்பான சாறு மிஞ்சும். வீட்டில் நாம் கொதிக்க வைக்கும் கஷாயம் இதுவன்று. நீரில் எளிதில் கரையாத பல பொருள்கள் மெத்தனாலில் இறங்கிவிடும்.

அடுத்து 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழிகளில் புற்றுநோய் உயிரணுக்களை வளர்த்து, வெவ்வேறு அளவில் சாற்றை விடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள அணு அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் அணுக்கள் செத்தன, அல்லது பெருகாமல் நின்றன என்று பொருள். ஊதாவைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் அளவுக்கு ஐசி50 என்று பெயர். எண் சிறியதாக இருந்தால் வீரியம் அதிகம். சுத்திகரிக்கப்படாத சாறு என்றால், ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் வந்தால்தான் ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 500 என்று வந்தாலும் 'கொன்றது' என எழுதலாம். சலவைத் திரவத்தை ஊற்றினாலும் அணு சாகத்தானே செய்யும்!

ஆகவே நல்ல ஆய்வில் வேறு குழிகளும் இருக்கும். சிலவற்றில் வெறும் கரைப்பான், சிலவற்றில் ஏற்கெனவே அறிந்த புற்றுநோய் மருந்து, இன்னும் சிலவற்றில் நலமான உயிரணுக்கள். நலமானவையும் அதே அளவில் மடிந்தால் அது மருந்தன்று, நஞ்சு.

தட்டைத் தாண்டி வென்ற செடியும் உண்டு. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிதான் அது; மலாயில் கெமுந்திங் சீனா. ஜமைக்காவில் அதன் இலைத் தேநீரை நீரிழிவுக்குக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் கனடாவில் ராபர்ட் நோபல் என்பவரின் கைக்கு வந்தன. எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசிவழி செலுத்தியபோது எலிகள் தொற்று கண்டு மடிந்தன. காரணம், வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுக்கு இது உதவுமா? சார்ல்ஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதே செடியின் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் தரப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் காய்ந்த இலை வேண்டும். இரண்டு மருந்துகளும் நரம்பு வழியாக, அளந்துதான் ஏற்றப்படுகின்றன.

துரியான் பெலண்டாவுக்கு வருவோம். அதிலுள்ள அனோனாசின், உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை முடக்கும். புற்றணு சாவது அதனால்தான். ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களும் அதே பொருளால் அதே முறையில் மடிந்தன. கரீபியத் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் நோயை ஒத்த, வழக்கமான மருந்துக்கு அடங்காத நடுக்க நோய் கண்டவர்களை 1990களில் மருத்துவர்கள் விசாரித்தார்கள். அவர்களில் பலர் இந்தப் பழத்தை உண்டும், இலைத் தேநீரைக் குடித்தும் வந்தவர்கள்.