வாயுவைத் தின்னும் மண் பாக்டீரியா

திருக்கடையூர், தரங்கம்பாடிப் பக்கத்துக் கடைமடை வயல்களில் தழை மிதித்து, சேற்றில் கால் வைத்தால் குமிழ்கள் கிளம்பும். இது மீதேன் வாயு. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகும் அதே வாயுதான். நீர் தேங்கி, காற்றுப் புகாத சேற்றில் வைக்கோலும் தழையும் மட்கும்போது இது உண்டாகிறது. இதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் 2017 ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவிய பிறகு, குமிழைக் கண்டாலே குழாய்க் கசிவோ என்ற சந்தேகம் வருவது இயல்பே. சந்தேகத்தைத் தீர்க்க மண்ணிலுள்ள பாக்டீரியாக்களே ஓரளவு சாட்சி சொல்லும்.

மீதேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாவை 1906-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி சோங்கன் பிரித்தெடுத்தார். நம் நாட்டில் புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தார் நெல் வயல் மண்ணிலிருந்தே இவ்வகை பாக்டீரியாக்களைப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று வெள்ளரிக்காய் வடிவம் உடையது. பெயரிலும் வெள்ளரியைச் சேர்த்து மெத்திலோகுகூமிஸ் ஒரைசே என்று வைத்துவிட்டார்கள்.

பிரித்தெடுக்கும் வழி இதுதான். சிறிதளவு மண்ணை உப்புச் சத்துக்கள் மட்டும் கரைத்த நீரில் இட்டு, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடுகிறார்கள். சர்க்கரை, மாவு எதுவும் சேர்ப்பதில்லை. புட்டியின் மேற்பகுதியில் காற்றோடு மீதேனைச் செலுத்துகிறார்கள். வேறு தீனி இல்லாததால் வாயுவைத் தின்னக்கூடியவை பெருகுகின்றன. நீர் கலங்கியதும் அதில் ஒரு துளியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அகர் தட்டுகளில் பரப்பி, மீண்டும் வாயுவிலேயே வளர்க்கிறார்கள். இங்கேதான் தொல்லை. வாயுவைத் தின்பவை கழிப்பதைத் தின்று வேறு பாக்டீரியாக்களும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வாயு கொடுக்காத தட்டில் அது வளரவில்லை என்றால்தான் வேலை முடிந்தது.

நெல் வயலில் மீதேன் தின்னிகள் எப்போதும் இருக்கும். எனவே அவற்றை எண்ணிக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. சேற்றில் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்கள் அந்த அளவுக்கு உண்டாவதில்லை. நிலத்தடி எண்ணெய், எரிவாயுவோடு வருபவை அவை. ஆகவே அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்களை எண்ணுவதே பொருத்தம். ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் எண்ணெய் வளம் தேட இம்முறையைக் கையாண்டுள்ளனர். குழாய் இல்லாத இடத்திலும் பூமியிலிருந்து இயற்கையாகவே சிறிது கசியக்கூடும் என்பதால், சந்தேகமான வயலோடு தூரத்து நல்ல வயலின் மண்ணையும் ஒப்பிட வேண்டும். வாயுவையும் தனியே பரிசோதிப்பது அவசியம்.

மீதேன் பயிருக்கு நேரடி விஷமல்ல. ஒரு பங்கு மீதேனை முழுதும் எரித்துத் தீர்க்க இரண்டு பங்கு பிராணவாயு தேவை. கசிவு உள்ள இடத்தில் பாக்டீரியாக்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிடுவதால் வேர் மூச்சுத் திணறுகிறது. நெல் தன் தண்டு வழியே வேருக்குக் காற்றை இறக்கிக்கொள்ளும். உளுந்து, பயறு தாங்கா. கசிவை அடைத்த பின் நிலத்தை உழுது ஆறப்போட்டால் காற்றோட்டம் திரும்பும். எண்ணெய் படிந்த மண்ணுக்கு இது போதாது. அந்த மண்ணைத் தனியாகச் சீர்செய்ய வேண்டும்.

கசிவு இல்லாத வயலிலும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீதேன் குறையும்.

தண்ணீரை வடித்த பிறகும் ஒரே இடத்தில் ஓயாமல் குமிழ் வந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ, வருவாய்த் துறைக்கும் வேளாண்மை அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சுமார் 1 மீட்டர் ஆழத்து மண்ணைச் சுத்தமான பையில் எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். அங்கே தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது.