கொள்ளை மாட்டுக்குப் போடாதே

கொடும்பாளூர்

அன்புள்ள தம்பிக்கு,

கொலஸ்ட்ரால் 232 என்று ரிப்போர்ட் வந்ததாகவும், இனி முட்டை சாப்பிடலாமா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். என் பதில் வருவதற்குள் முட்டை, தேங்காய், கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாயாமே! அவசரத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. முட்டையிலிருந்து வருவது கொஞ்சம்தான். ஆட்டுக்கறிக் கொழுப்பும் வனஸ்பதியும்தான் உன் கவனத்துக்கு உரியவை. ரத்தத்திலிருந்து ஈரல் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும் வேகத்தை அவை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் நீ உள்ளே போவதை மட்டுமே எண்ணுகிறாய். வெளியே போவது எவ்வளவு என்று கேட்டாயா?

ஈரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க உதவிய பிறகு அதில் ஏறக்குறைய 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே திரும்பிவிடும். வயலுக்கு இறைத்த தண்ணீர் ஊறி மறுபடி கிணற்றுக்கே வருவது போல. மலத்தோடு போகும் பித்தம் கூடினால், அந்தக் குறையை நிரப்ப ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும்.

இதை ஆக்ராவில் கே.எஸ். மாத்தூரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மனிதர்களிடமே பார்த்தார்கள். ஆரோக்கியமான 20 ஆண்களுக்கு நாளுக்கு 156 கிராம் கொழுப்புள்ள சாப்பாடு. எதிர்பார்த்தபடியே ரத்தக் கொழுப்பு ஏறியது. பிறகு கொழுப்பைக் குறைக்காமல், கோதுமைக்கும் மற்றத் தானியங்களுக்கும் பதிலாகக் கொண்டைக்கடலை கொடுத்தார்கள். ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கியது. மலத்தில் பித்த அமிலம் கூடியிருந்தது. 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இது. கூடியவற்றில் டியாக்சிகோலிக் அமிலமும் உண்டு. அதை நம் ஈரல் செய்வதில்லை, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

"பாக்டீரியாவுக்கு அவ்வளவு வேலையா?" என்பாய். வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் செய்ததைக் கேள். காலரா கண்ட 48 பேரில் ஒரு பகுதியினருக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. நாம் செரிக்காமல் விட்ட மாவைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அவை உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்ச உதவும். நோய் வேறுதான், ஆனால் நாம் செரிக்காதது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு என்பது இரண்டுக்கும் பொது.

இதைப் படித்ததும் மருந்துக்கடைக்கு ஓடி பாக்டீரியா மாத்திரை டப்பா வாங்குவாய், எனக்குத் தெரியும். வேண்டாம். ஏற்கெனவே இருப்பவற்றைப் பட்டினி போட்டுவிட்டுப் புதிதாக விலைக்கு வாங்கி என்ன பயன்? பழைய சோறு நல்லதென்று இரண்டு தட்டு அடிக்கவும் வேண்டாம். ஆறிய சோற்றில் செரிக்காத மாவு சற்றுக் கூடும், அவ்வளவுதான். மீதி சோறு சோறுதான்.

அவற்றைப் பட்டினி போடும் தவறு ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. கொள்ளை அவித்துத் தண்ணீரை ரசத்துக்கு வடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். ரசம் ருசிதான், ஆனால் நார்ச்சத்து பெரும்பாலும் அந்தக் கொள்ளில்தானே இருக்கிறது! தோலோடு எடுத்து, வெங்காயம், வரமிளகாய் தாளித்துச் சுண்டலாக்கு. கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து அப்படியே செய். சோற்றுக்கு மேல் சேர்க்காதே, ஒரு கரண்டி சோற்றுக்குப் பதிலாகச் சேர்.

வயிறு உப்புமே என்று உன் மனைவி சொல்வாள். உப்பத்தான் செய்யும். புளிக்கவைக்கும்போது வாயு வரும். முதல் வாரம் ஒரு கைப்பிடி போதும், போகப் போகக் கூட்டு.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சுண்டலை நம்பி அதை நிறுத்திவிடாதே. மூன்று மாதம் கழித்து, அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு எனக்கு எழுது. மொத்த எண் மட்டும் போதாது, எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு என்றும் எழுது.

உன் அக்கா