தீயில் பிறந்த குளிர்சோலை

மே மாத நண்பகலில் செம்பாக்கத்து மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நின்றிருக்கிறீர்களா? தளம் சுடும். அதே வெயிலில் வாளியில் வைத்த நீர் அவ்வளவு சுடுவதில்லை. ஏன்? ஒரு கிராம் பாறையை 1 டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பத்தைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு, ஒரு கிராம் நீருக்குத் தேவை. இதை நினைவில் கொண்டு மொரீஷியஸ் தீவுக்குப் புறப்படுவோம்.

நெருப்பு கட்டிய நிலம்

இந்துமாக்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரியில் உள்ளது இத்தீவு. 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் அங்குச் சென்றனர். அந்நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்தைக் காணலாம். கடலடியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகி, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நீர்மட்டத்துக்கு மேல் நிலமாயிற்று. கியூர்பீப் நகரிலுள்ள ‘ட்ரூ ஓ செர்ஃப்’ எரிமலை வாயில் இன்று மரங்கள் அடர்ந்துள்ளன. பக்கத்துத் தீவான ரீயூனியனில் எரிமலை இன்னும் சீறுகிறது.

இதமான காற்று ஏன்?

சுற்றிலும் கடல். அது கோடையில் மெல்லச் சூடேறுகிறது. குளிர்காலத்தில் மெல்லக் குளிர்கிறது. ஆகவே தீவில் கடும் வெப்பமும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. உயரமும் துணை செய்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கியூர்பீப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே கடற்கரையைவிட அங்குச் சுமார் 3.5 டிகிரி குளிர்ச்சி!

தோட்டமும் இழப்பும்

எரிமலைப் பாறை மழையில் சிதைந்து மண்ணாகிறது. அம்மண்ணில் எழுந்ததே பாம்பிள்மூஸ் தாவரத் தோட்டம். 1770இல் பியேர் புவாவ்ர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தருவித்து இங்கு வளர்த்தார். அமேசான் ஆற்றின் இராட்சத அல்லி இலைகள் தாம்பாளம்போல் குளத்தில் மிதக்கின்றன. இலையின் அடியிலுள்ள தடித்த நரம்புகளில் காற்றறைகள் இருப்பதே மிதப்பதற்கு உதவுகிறது.

வெளியிலிருந்து வந்தவை யாவும் நன்மை செய்யவில்லை. டச்சுக்காரர் 1598இல் இறங்கிய பின், கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் டோடோ பறவையின் முட்டைகளைத் தின்றன. பறக்க இயலாத அப்பறவை, தரையில் கூடு கட்டியது. நூறு ஆண்டுகளுக்குள் அதன் இனமே அழிந்தது. பல லட்சம் ஆண்டுகளில் உருவான உயிரை இழக்க ஒரு நூற்றாண்டு போதுமானதாயிற்று! தோட்டத்தின் அழகை வியப்பவர் இதையும் மறக்கலாகாது.

செய்து பாருங்கள்

சம எடையுள்ள மணலையும் நீரையும் இரு கிண்ணங்களில் வெயிலில் வையுங்கள். பிற்பகலிலும், சூரியன் மறைந்த பின்னும் வெப்பமானியால் அளந்து குறியுங்கள். எது விரைவில் சூடேறியது? எது விரைவில் குளிர்ந்தது?