மல்லாந்து கிடக்கும் சிலந்தி

நண்டு, இறால், தேள், சிலந்தி ஆகிய யாவும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றுக்கு எலும்பு உடலுக்கு உள்ளே இல்லை, வெளியே ஓடாகவோ தடித்த தோலாகவோ அமைந்திருக்கிறது. அந்த உறை உடலோடு சேர்ந்து வளராது என்பதால், வளர வேண்டிய ஒவ்வொரு முறையும் பழையதைக் கழற்றிவிட்டு, அதனடியில் முன்கூட்டியே உருவாகியிருக்கும் மெல்லிய புதிய தோலோடு இவை வெளியே வந்தாக வேண்டும். சென்னையின் காசிமேட்டில் நண்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அது அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு என்றும், உள்ளே சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும் என்றும் அவர்கள் ஒதுக்கிவிடுவர். பௌர்ணமி நண்டில் சதை இராது என்ற பேச்சும் கரையோரமெங்கும் உண்டு. ஆனால் ஒரே நாளில் ஒரே வலையில் சதைப்பிடிப்பான நண்டும் வெற்று நண்டும் கலந்தே வருவதைப் பார்த்தால், ஓடு கழற்றும் வேளைக்கு நிலவை மட்டும் பொறுப்பாக்க முடியாது என்பது தெரியும். நண்டின் வயதும், அதற்குக் கிடைத்த இரையும், எக்டைசோன் என்னும் தோலுரிப்பு இயக்குநீரும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

நண்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரிலும் டரான்டுலா என்னும் பெருஞ்சிலந்தியின் தோலுரிப்பு குறித்த தவறான எண்ணங்களுக்குக் குறைவில்லை. இச்சிலந்திகள் வளர்ப்புயிராகச் சென்னைக்கு வருவது கற்பனையும் அன்று. 2021 ஜூலையில் போலந்திலிருந்து வந்த ஓர் அஞ்சல் பொட்டலத்தைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பிரித்தபோது, தெர்மாகோல் பெட்டிக்குள் வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன. உரிய இறக்குமதி ஆவணங்கள் இல்லாததால் அவை போலந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. வளர்ப்போர் பெரிதும் விரும்பும் மெக்சிகோவின் பிராக்கிபெல்மா இனங்களும், ஆந்திரத்தின் குத்தியில் முதன்முதலில் கண்டறியப்பட்ட நீலச்சிலந்தி, இராமேசுவரம் சிலந்தி முதலியவை அடங்கிய பொயசிலோதீரியா இனங்களும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தின்படி, அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.

விற்பனைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை நகக்கண் அளவே உள்ள குஞ்சுகள். வளர்ந்த பெண் சிலந்தி ஆண்டுக்கு ஒரு முறையோ அதனினும் அரிதாகவோ தோல் உரிக்க, குஞ்சுகள் சில வாரங்களுக்கோ ஓரிரு மாதங்களுக்கோ ஒரு முறை உரிக்கின்றன. எனவே இடர்ப்பாடும் குஞ்சுப் பருவத்திலேயே அடிக்கடி எதிர்ப்படுகிறது.

மல்லாந்து கிடக்கும் சிலந்தி இறந்துவிட்டது என்று எண்ணிக் குப்பையில் போடுவது தோலுரிப்பு குறித்த தவறுகளுள் மிகப் பழையது. சிலந்திக்குக் கால்களை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான மூட்டுகள் சிலவற்றில் நீட்டுவதற்குத் தசை இல்லை. ஹீமோலிம்ப் எனப்படும் உடல்நீரைத் தலைமார்புப் பகுதியிலிருந்து அழுத்தி அனுப்பியே அது காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அந்த அழுத்தமும் போய்விடுவதால், இறந்த சிலந்தியின் கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டு மடங்கும், உடல் பெரும்பாலும் குப்புறவே இருக்கும். தோலுரிக்கும் சிலந்தியோ முன்னதாக ஒரு பட்டு விரிப்பு பின்னி, அதன்மேல் மல்லாந்து, கால்களை விரித்தபடி அசையாது கிடக்கும். அப்போது வயிற்றிலுள்ள உடல்நீர் தலைமார்புக்கு ஏற்றப்பட, அழுத்தம் தாங்காமல் முதுகோடு முன்விளிம்பில் பிளந்து டப்பா மூடிபோலத் திறந்துகொள்ளும். பிறகு கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல ஒவ்வொரு காலும் சிறுகச் சிறுக வெளியே வரும். குஞ்சுக்கு இது அரைமணிக்குள்ளும் முடியலாம், பெரியதற்குப் பல மணிநேரமும் ஆகலாம்.

நண்டும் சிலந்தியும் வேறுபடும் இடம் இங்குதான், இதைத் தவறவிட்டதால் பிறந்தவையே மற்ற நம்பிக்கைகள். எண்ணூர்க் கழிமுகத்தில் ஓடு கழற்றும் சேற்று நண்டு தன்னைச் சுற்றியுள்ள நீரையே உறிஞ்சி உப்பிப் பருத்துக்கொள்கிறது, பின்னர் சுண்ணச்சத்தைக் கொண்டு புதிய ஓட்டை இறுகச் செய்கிறது. சிலந்திக்கு அப்படி உறிஞ்சிக்கொள்ள வெளியே நீரில்லை. முன்பே குடித்து வயிற்றில் சேர்த்து வைத்ததே அதன் முதல். அதன் தோல் உறுதி பெறுவதும் சுண்ணத்தால் அன்று, தோலிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுவதால். ஆகவே, பறவைக் கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டைப் பொடித்து இரைப்பூச்சியின் மேல் தூவினால் தோலுரிப்பு சீராகும் என்பது நண்டின் கணக்கைச் சிலந்திக்குப் போடுவதாகும்.

ஈரக்காற்றுதான் தோலைக் கழற்றுகிறது, எனவே நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதும் அரை உண்மையே. குஞ்சின் தோல் மெல்லியது, உடல் அளவுக்கு மேற்பரப்பும் அதிகம். அதனால் அது விரைவில் வறண்டுபோகும், அடித்தளமான தேங்காய் நார்த்தூளின் ஒரு பகுதியாவது ஈரமாக இருப்பது அதற்குத் தேவை. ஆனால் காற்றின் ஈரம் இழப்பைக் குறைக்குமேயன்றி உள்ளே இல்லாத அழுத்தத்தை உண்டாக்காது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடற்காற்றே ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதத்தைச் சுமந்து வருகிறது. அங்கே காற்றோட்டமில்லாத குப்பியில் மேலும் மேலும் தெளித்தால் பூஞ்சணமும் உண்ணிகளும்தான் பெருகும். குளிரூட்டப்பட்ட அறையில் வைத்த குப்பி மட்டும் இதற்கு விலக்கு, ஏனெனில் அந்தக் காற்று வறண்டது. பார்க்க வேண்டியது ஈரமானியை அன்று, சிலந்தியின் வயிற்றை: பருத்து மினுமினுத்திருந்தால் நீர் போதிய அளவு இருக்கிறது, சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் அது தாகத்தில் இருக்கிறது. சோடாப்புட்டி மூடியளவுத் தட்டில் எப்போதும் தண்ணீர் இருந்தால், தெளிப்பானுக்கு வேலை மிகக் குறைவு.

உரிப்புக்கு முன் குஞ்சு இரையைத் தொடாமல் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் இருப்பது நோயன்று. அதைக் கண்டு கலங்கிச் சுவர்க்கோழியை உள்ளேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து. அசையாது கிடக்கும் சிலந்தியை அந்தப் பூச்சியே கடித்துத் தின்னும். உரித்து முடித்த சிலந்தியின் நச்சுப்பற்கள் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை சிவந்து, பின் கறுக்கும்வரை இரை கொடுக்கலாகாது.

பாதியில் நின்றுபோன தோலை இடுக்கியால் இழுத்து உதவ வேண்டும் என்ற எண்ணம் இரக்கத்தில் பிறந்தது, ஆனால் இவை எல்லாவற்றினும் கொடியது. சிலந்தியின் இரத்த ஓட்டம் குழாய்களுக்குள் முழுதும் அடங்கியதன்று, உடல்நீர் உறுப்புகளைச் சூழ்ந்தே ஓடுகிறது. புதுத்தோலில் ஊசிமுனையளவு கிழிந்தாலும் அது கசிந்து, தோலுரிப்பை நடத்திக்கொண்டிருந்த அழுத்தமே இறங்கிவிடும். தொண்டையின் உட்தோலும், உறிஞ்சும் இரைப்பையின் உட்தோலும், புத்தக நுரையீரலின் ஏடுகளைப் போர்த்திய படலமும் வெளித்தோலோடு சேர்ந்தே கழல்வன என்பதால், கண்ணுக்குத் தெரியும் தோலைப் பற்றி இழுப்பவர் கண்ணுக்குத் தெரியாத உள்ளுறுப்பையும் சேர்த்தே இழுக்கிறார். ஒட்டிய இடத்தை மெல்லிய தூரிகையால் ஓரிரு சொட்டு நீரில் நனைத்துவிட்டு விலகுவதற்கு மேல் செய்யத்தக்கது இல்லை. ஒரு கால் சிக்கிக்கொண்டால், சிலந்தி அதை அடிமூட்டில் தானே கழற்றிவிடக்கூடும், காயமும் மூடிக்கொள்ளும். அடுத்த உரிப்பில் அங்கே மெலிந்த கால் ஒன்று தோன்றி, மேலும் சில உரிப்புகளில் மற்றவற்றுக்கு இணையாக வளரும். அடிக்கடி உரிக்கும் குஞ்சுக்கு இது விரைவிலேயே நேர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து சிலந்தி நிமிர்ந்து நகர்ந்த பின், ஓரிரு நாள் கழித்து, உரிந்த தோலை எடுத்து நீரில் நனைத்து விரித்துப் பார்க்கலாம். ஓரளவு வளர்ந்த குஞ்சாயின், வயிற்றுப்பகுதித் தோலின் உட்பக்கத்தில் விந்துப்பை இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் நோக்கி, அது பெண்ணா என்று அறியலாம். தோலுரிப்பில் வளர்ப்பவர் கை வைக்கத்தக்கது அந்த வெறுந்தோலில் மட்டுமே.