ஓரத்தில் இருக்கும் பெயர்கள்

அன்பு மகளே,

ஆலயப் பாடகர் குழுவில் நீ சேர்ந்ததாக உன் அம்மா சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. இந்த நேரத்தில் உனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் நேராக முதல் அடிக்குப் போய்விடாதே. பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் முதலில் படி.

‘நியரர் மை காட் டு தீ’ பாட்டையே எடுத்துக்கொள். நம் பாமாலையிலும் அதன் தமிழாக்கம் உண்டு. எழுதியவர் சாரா ஃபிளவர் ஆடம்ஸ் (1805–1848). திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே என்று கொண்ட யூனிட்டேரியன் மரபில் வளர்ந்தவர். தந்தை பெஞ்சமின் ஃபிளவர் பத்திரிகை ஆசிரியர். ஓர் ஆயரைக் கண்டித்து எழுதியதற்காக 1799இல் நியூகேட் சிறைக்குப் போனவர். மனதில் பட்டதைச் சொல்ல அஞ்சாத வீடு அது.

லண்டன் ஃபின்ஸ்பரியில் இருந்த சவுத் பிளேஸ் ஆலயத்தின் போதகர் வில்லியம் ஜான்சன் ஃபாக்ஸ், 1841இல் தம் சபைக்காக ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். அதற்கு சாரா 13 பாடல்கள் கொடுத்தார். அவற்றில் ஒன்றுதான் இது. ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்தில், வீட்டைவிட்டு ஓடிய யாக்கோபு வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறானே, அந்த இரவுதான் பாட்டின் களம். விடிந்ததும் அவன் அதே கல்லைத் தூணாக நிறுத்திக் கடவுளை வணங்குகிறான். துயரமும் அப்படி வழிபாடாக மாறும் என்று சாரா பாடுகிறார். அதனால்தான் கொள்கையில் அவரோடு உடன்படாத சபைகளும் இதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டன.

அந்தப் புத்தகத்துக்கு இசை தந்தவர் சாராவின் அக்கா எலைசா ஃபிளவர். இன்று அவருடைய மெட்டில் இந்தப் பாட்டைப் பாடுவது அரிது. அமெரிக்காவில் லோவெல் மேசன் 1856இல் அமைத்த ‘பெத்தனி’ மெட்டும், இங்கிலாந்தில் டைக்ஸ் அமைத்த ‘ஹார்பரி’ மெட்டும் நிலைத்துவிட்டன. பாட்டின் பக்கத்தில் 6.4.6.4 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசை என்பதற்கான கணக்கு அது. கணக்கு பொருந்தினால் ஒரு பாட்டை இன்னொரு மெட்டில் பாடலாம். அந்த வசதியால் பல பாடல்கள் பிழைத்தன. எலைசா போன்ற பலருடைய உழைப்பு மறைந்தும் போனது.

தொகுப்பாசிரியரின் கையையும் கவனி. ஹார்வர்டில் இறையியல் படித்த சாமுவேல் லாங்ஃபெலோவும் சாமுவேல் ஜான்சனும் 1846இல் ஒரு பாட்டுத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். பிறர் பாடல்களில் தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத சொற்களைத் தாராளமாக மாற்றினார்கள். சுதந்திர சிந்தனையுள்ள சபைகளில் இது வழக்கம்தான். மனம் ஒப்பாததைப் பாடுவதைவிடச் சொல்லை மாற்றிப் பாடுவது நேர்மை என்று அவர்கள் கருதினார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் மாற்றியதை மாற்றியது என்று அச்சிட்டுச் சொல்லிவிட வேண்டும். எழுதியவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது.

சாரா வளர்ந்த யூனிட்டேரியன் மரபு நம் நாட்டிலும் உண்டு. வடகிழக்கில் உள்ள காசி மலைப் பகுதியைச் சேர்ந்த ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் 1887இல் ஜோவாயில் யூனிட்டேரியன் வழிபாட்டைத் தொடங்கினார். தம் மக்கள் தாய்மொழியில் பாட வேண்டும் என்று காசி மொழியில் பாடல்களும் எழுதினார்.

ஒரு பாட்டு உன் வாய்க்கு வந்து சேர எழுதியவர், மெட்டமைத்தவர், திருத்தியவர், மொழிபெயர்த்தவர் என்று எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அடுத்த ஒத்திகையில் பாடத் தொடங்கும் முன் அந்தப் பெயர்களை உரக்க வாசி. உன் குழுவில் எல்லாரும் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா